பேங்க் முதலாளிக்கு ஒரு செருப்பு

கண்டக்டரின் பைக்குள் கையை விட்ட காவலாளி, வார் அறுந்த லேடீஸ் செருப்பு ஒன்றை வெளியே எடுத்தார். ஒற்றைச் செருப்பு. பேங்கின் தலைமை அலுவலக வாசலில், காலை பத்து மணிக்கு, அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"தைக்கக் கொண்டு போறீங்களா?"

"இல்லப்பா. உங்க முதலாளிக்குக் கொண்டு வந்திருக்கேன்."

காவலாளி சிரித்துவிட்டு உள்ளே விட்டார். இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறாத மனுஷர். விஷயம் தெரிந்திருந்தால் தன் பங்குக்கும் ஒன்று போடச் சொல்லியிருப்பார்.

ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பேர். செருப்பு அவர் மனைவியுடையது. வீட்டில் தையல் மிஷின் போட்டுச் சம்பாதிக்கிற அந்த அம்மாள், வாரா வாரம் தெருமுனைக் கிளைக்குப் போய்த் தன் கையாலேயே பணம் கட்டுவாள். போனில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்தக் கிளையைத்தான் மாதக் கடைசியில் மூடப் போகிறார்கள். அடுத்த கிளைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியவள், முழங்கால் வீங்கி, செருப்பும் அறுந்து, நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

"மூடச் சொன்னவன் எவனோ, அவன் மூஞ்சியில இதாலயே ஒண்ணு போட்டுட்டு வாங்க" என்று செருப்பைக் கையில் கொடுத்தாள். போடாமல் இந்தச் செருப்பு வீடு திரும்பாது என்று கண்டக்டரும் வீராப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பங்குப் பிரிவு அதிகாரி நல்ல மாதிரி. வந்தவர் பழைய பஸ் கண்டக்டர் என்று விசாரித்துக்கொண்டு, பேங்குக்கு முதலாளி யார் என்று உட்காரவைத்து விளக்கினார். சேர்மன் சம்பளத்துக்கு இருக்கிறவர். அவரும் மற்ற டைரக்டர்களும் வைத்திருக்கும் பங்கையெல்லாம் ஒன்றாகக் கொட்டினாலும் நூற்றுக்கு அரைகூடத் தேறாதாம்.

"வண்டியை ஓட்டறவருக்கு வண்டியில ஒரு சீட்டுகூடவா சொந்தமில்ல?"

"உங்க டிரைவருக்கு பஸ் சொந்தமா இருந்துச்சா சார்?"

நூற்றுக்கு எழுபது பங்கு பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது, அதில் பெரிய கை எதிர்க் கட்டடத்து முதலீட்டுக் கம்பெனி, செலவைக் குறை, கிளையை மூடு என்று குடைந்ததும் அவர்கள்தான் என்று அதிகாரி கைகாட்டிவிட்டார்.

எதிர்க் கட்டடத்தில் ஏசி குளிரில் பல் கிட்டியது. கண்டக்டர் மடியில் பையை வைத்துக்கொண்டு தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வந்தது மகள் வயசில் ஒரு பெண். கேட்காமலே தண்ணீர் வேறு கொடுத்தாள்.

"பணம் எங்களுது இல்லங்கய்யா. போட்டவங்க எங்க கழுத்தைப் பிடிக்கறாங்க, நாங்க பேங்க் கழுத்தைப் பிடிக்கறோம்" என்றாள். அவர்கள் கழுத்தை ரொம்பவும் இறுக்கிப் பிடித்தது ஒரு பென்ஷன் டிரஸ்ட்டாம். விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

படித்ததும் கண்டக்டருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது. அவருக்கு மாதாமாதம் பென்ஷன் தருகிற அதே டிரஸ்ட். அங்கே எல்லாரையும் அவருக்குத் தெரியும். அடிபடப் போகிறவனையும் தெரிந்திருக்கலாம்.

மானேஜர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் மேஜைக் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு விரிசல் ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன் பென்ஷன் உயர்வு கேட்டு நாற்பது பேராக வந்தபோது, கண்டக்டர் குத்திய குத்தில் விழுந்தது. அதைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு நிமிரும்; இன்றும் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நம் ஆபீசிலேயே ஒரு புல்லுருவி இருந்துகொண்டு ஊரிலுள்ள கிளைகளையெல்லாம் மூடவைத்திருக்கிறான், அவன் யார் என்று சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் கண்டக்டர். மானேஜர் பேச்சை மாற்றினார். டீ வரவழைத்தார். முழங்காலுக்கு நல்ல டாக்டர் ஒருவரைச் சொன்னார்.

"டாக்டரெல்லாம் வேணாம். ஆளைக் காட்டு."

"வேணாம் அண்ணே. விட்டுடுங்க."

கண்டக்டர் மறுபடி கையை ஓங்கினார். மானேஜர் மிச்சமிருக்கிற கண்ணாடியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவர் முன்னால் விரித்துவைத்தார். "இவங்க கேட்டாங்க, நாங்க நெருக்கினோம்" என்றார்.

கண்டக்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற பையன் எங்கே போகணும் என்று மூன்று தரம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

மனைவி காலை நீட்டி, முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையின் புடைப்பைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"செருப்பு திரும்பி வந்துடுச்சே. ஆளு சிக்கலையா?"

"சிக்கினான். மொத்தம் நாப்பது பேரு. பென்ஷன் போதல, பணம் போட்ட எடத்தையெல்லாம் பிழிஞ்சு வாங்கிக் குடுன்னு எழுதிக் குடுத்திருக்கானுங்க. மொதக் கையெழுத்துப் போட்டவனைக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

அவள் ஒத்தடத் துணியைப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எங்க அவன்?"

கண்டக்டர் பையிலிருந்து செருப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"வாசல்ல தேடாத. முன்னாடிதான் நிக்கறேன், போடு."