கல் கட்டிய காய்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கவுண்டி விவசாயக் கண்காட்சி. பூசணிகளுக்கு நடுவே தன் புடலங்காயை வைத்த பிறகுதான், கோணாமல் வளர அதன் நுனியில் கட்டிய கல்லை அவிழ்க்க மறந்தது செண்பகவல்லிக்கு உறைத்தது.

"இங்க எவன் இதைச் சீண்டுவான்?" என்று கணவன் முணுமுணுத்தான்.

கிழ நடுவர் டேப் வைத்து அளந்தார். நாலரை அடி. "இந்தக் கல் எதுக்கும்மா?"

"கட்டலைன்னா சுருண்டுக்கும்."

அவர் தன் கூன் முதுகைத் தடவிச் சிரித்துக்கொண்டே முதல் பரிசு ரிப்பனைக் கட்டினார். விதை கேட்டவர்களுக்கெல்லாம் செண்பகவல்லி பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மறுவருஷம் அதே மேசையில் ஏழு புடலங்காய்கள் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. ஒருவரும் கல்லை அவிழ்த்திருக்கவில்லை. வீட்டிலேயே மறக்காமல் அவிழ்த்துவிட்டு வந்த செண்பகவல்லி, கல் தேடி வெளியே ஓடினாள்.