பலகையில் ஒட்டிய 'கோ'

'தணிகாசலம் & கோ' என்ற கடைப் பலகையில் வாலாகத் தொங்கிய 'கோ'வை அழிக்க, மத்தியானம் ஒரு தூரிகை ஏணியேறி வந்தது.

"கூட்டாளி விலகிட்டாராம். இனிமே முதலாளி பேர் மட்டும் போதுமாம்" என்றது தூரிகை.

"எப்பவுமே நான் ஒருத்தன்தான். இது சும்மா ஒட்டிக்கிட்டு வந்தது" என்றது பெரிய எழுத்திலிருந்த 'தணிகாசலம்'.

'கோ'வுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் கம்பெனியோட சுருக்கம். ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்னவங்கன்னுதான் அந்த வார்த்தைக்கு ஆதியில அர்த்தம். உள்ளே எட்டிப் பாரு."

தூரிகை எட்டிப் பார்த்தது. முதலாளி தணிகாசலம், மூட்டை தூக்கும் சூசையோடு உட்கார்ந்து, வழக்கம்போல அவன் டிபன் பாக்ஸிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அந்தக் கையை எடுக்கச் சொல்லு" என்றது 'கோ'. "அப்புறம் வந்து என்னை அழி."