மேல்வீட்டறை

“இந்தப் பன்னிரண்டு பேர் யாரு?” என்று கேட்டார் பிளான்ட் மேனேஜர் வசந்தகுமார்.

மேசைமேல் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. காலையில் ஒரகடம் தொழிற்சாலை கேட்டில், அய்யாத்துரையின் பையிலிருந்து செக்யூரிட்டி எடுத்தது. ‘பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை. மேல்வீட்டறை. கடைசி விருந்து. ஒருவன் காட்டிக்கொடுப்பான்.’ அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அய்யாத்துரை வெல்டிங் லைனில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தெற்கே நாசரேத் ஊர்ப் பக்கத்துக்காரன். சங்கம் ஆரம்பிக்கப் பேசினார்கள் என்று போன மாதம்தான் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். இவன் சம்பளத்தில்தான் ஊரில் தங்கச்சி நர்சிங் படிக்கிறாள்.

அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிப்பதாகச் சொன்னான் அவன். ‘சாரமற்ற உப்பு’ என்று ஒரு பழைய சமூக நாவல் பாடமாக வந்திருக்கிறது, உப்பளத் தொழிலாளர்களின் கதை, அதிலுள்ள கிறிஸ்தவக் குறியீடுகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், அதற்கான குறிப்புதான் இது என்றான். பல்கலைக்கழக அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டினான்.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலிருந்த எச்.ஆர். அதிகாரி வனமாமலையைப் பார்த்தார். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பன்னிரண்டுன்னா இயேசுவோட சீடர்களா?”

“ஆமா சார். நாவல்ல பன்னிரண்டு உப்பளத் தொழிலாளிங்க வாராங்க.”

வனமாமலைக்கு ஆர்வம் கூடிக்கொண்டே போனது. தலைப்பே பைபிளிலிருந்து எடுத்ததுதானோ, உப்பு சாரமற்றுப் போனால் என்று இயேசு மலையில் பிரசங்கம் செய்தாராமே என்றார். அய்யாத்துரை வேகமாகத் தலையாட்டினான். மேல்வீட்டறை என்றால் மாடி அறைதானே, சிலுவையில் அறைவதற்கு முன்னால் சீடர்களோடு அவர் கடைசியாகச் சாப்பிட்ட இடமா, அதைத்தான் நாவலில் தொழிலாளர்கள் கூடும் மாடியாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றான். காலர் வியர்வையில் ஊறியிருந்தது.

“அப்ப காட்டிக்கொடுக்கிறவன் யூதாஸ் மாதிரி. நாவல்ல அது யாரு?”

அய்யாத்துரை சற்றுத் தடுமாறினான். “கங்காணி சார்.”

“நல்லா இருக்கே. இப்படியெல்லாம் யோசிச்சுப் படிக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல.”

மேனேஜருக்குக் கொட்டாவி வந்தது. படிப்பையெல்லாம் ரூமோடு வைத்துக்கொள், கம்பெனிக்குள் நோட்டு கொண்டுவராதே என்று எச்சரித்துவிட்டு, அடுத்த மீட்டிங்குக்கு எழுந்து போனார்.

கதவு மூடியது. வனமாமலை நோட்டை நீட்டினார். அய்யாத்துரை கும்பிட்டு வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

“நில்லு தம்பி” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “இங்க வர்றதுக்கு முன்னால நான் காலேஜ்ல தமிழ் வாத்தியார். அந்த நாவலை நாலு வருஷம் நடத்தியிருக்கேன். அதுல விருந்தும் கிடையாது, மாடியும் கிடையாது. உங்க சங்கக் கூட்டத்தை வியாழக்கிழமை வச்சுக்காதீங்க, வேற நாளைக்கு மாத்திடுங்க.”