கேள்வி முடிவதற்குள் பதில்

"நாளைக்கு வாங்களேன் சார். இன்னைக்கு மாத்திரை தர்றேன், வலி அடங்கிடும்" என்றார் பல் டாக்டர்.

"நாளைக்கு முடியவே முடியாது டாக்டர். இன்னைக்கு ஆறு மணிக்கு ஃபைனல். இந்த வலியோட போய் உட்கார்ந்தா மூளை வேலை செய்யாது. இப்பவே பிடுங்கிடுங்க."

நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு வேலை, மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது. உயிர்மூச்சு வினாடி வினா. பலகை விளையாட்டு, சீட்டுக்கட்டு, சினிமா, கார்ட்டூன் என்று எதைக் கேட்டாலும் தெரியும் என்பார். நண்பர்கள் வைத்த பெயர் களஞ்சியம். மனைவி வைத்த பெயர் வேறு, அது இங்கே வேண்டாம்.

"சரி, மரத்துப்போற ஊசி போடணும். அதைப் போட்டா என்ன ஆகும்னா..."

"தெரியும் டாக்டர். வலிக்காது, அதானே?"

"அது சரிதான், ஆனா..."

"கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்றதுதான் நம்ம பழக்கம். ரெண்டு வருஷமா கோப்பை நம்மகிட்ட சும்மாவா இருக்கு? இன்னைக்கும் ஜெயிச்சா நிரந்தரமா நம்ம வீட்டு அலமாரியிலதான்."

டாக்டர் பெருமூச்சு விட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார். நர்ஸ் தட்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் கேட்பாங்க?"

கேட்டிருக்கக் கூடாது. களஞ்சியம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பகடையில எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டினா எப்பவும் ஏழு. இது எல்லாருக்கும் தெரியும். சதுரங்கப் பலகையில மொத்தம் எத்தனை சதுரம், சொல்லுங்க பாப்போம்."

"அறுபத்து நாலு."

"எல்லாரும் விழற குழியிலேயே விழுந்துட்டீங்க. பெருசு சிறுசு எல்லாத்தையும் சேர்த்தா இருநூத்து நாலு. சரி, சீட்டுக்கட்டுல மீசை இல்லாத ராஜா யாரு?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தட்டைப் பார்த்தார்.

"ஹார்ட்டின் ராஜா. சிஸ்டர், நீங்களும் கேட்டுக்கங்க, நாலு விஷயம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

"சரிங்க சார்" என்றார் நர்ஸ் பணிவாக.

"எதிர்த்து யார் ஆடறாங்க?" என்று கேட்டார் டாக்டர், ஊசியில் மருந்தை ஏற்றியபடி.

"யாரோ புதுசு. இதுவரைக்கும் எல்லாச் சுற்றும் கம்ப்யூட்டர்லதான் நடந்துச்சு. யார் முகமும் தெரியாது, வெறும் புனைபெயர்தான். அந்த டீம் தலைவன் பேரு வெள்ளெலி. பேரைப் பாருங்க. இன்னைக்குத்தான் நேர்ல பாக்கப் போறேன். பாவம், வந்த பொந்துக்கே திருப்பி அனுப்பிடுவேன்."

"உங்க டீம்ல மத்தவங்களும் பதில் சொல்வாங்களா?"

"என் காதுல வேணா முணுமுணுக்கலாம், வெளிய மூச்சு விடக் கூடாது. தலைவர் தன் வாயால சொன்னாத்தான் செல்லும். எழுதிக் காட்டுறது, கை ஜாடை எதுவும் கிடையாது. போன வருஷம் நான்தான் மல்லுக்கட்டி அந்த விதியைக் கொண்டு வந்தேன். என் ஆளுங்க முந்திரிக்கொட்டை மாதிரி உளறி வைக்கிறாங்க."

"அப்ப உங்களுக்குப் பயமே இல்லைன்னு சொல்லுங்க."

களஞ்சியம் குரலைத் தாழ்த்தினார். பயம் இருந்தது. இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடாததற்குப் பல்வலி மட்டும் காரணமில்லை.

"ஒண்ணே ஒண்ணு டாக்டர், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். கார்ட்டூன். அதுல கரைகண்டவர் எங்க டீம்லயே ஒருத்தர்தான், அவரும் வெளியூர் போயிட்டார். கடைசிச் சுற்றுக்குத் தலைப்பை எதிர் டீம்தான் தேர்ந்தெடுக்கணும். கார்ட்டூன் எடுத்தாங்கன்னா நான் காலி. ஆனா அது அந்த எலிக்கு எங்க தெரியப் போகுது?"

நர்ஸ் அவர் வாயில் வைத்த எச்சில் உறிஞ்சும் குழாய் பல்லில் லேசாக இடித்தது.

"பாத்து சிஸ்டர்."

"மன்னிச்சுக்கங்க சார்."

ஊசி இறங்கியது. அரை மணி நேரத்தில் கடைவாய்ப்பல் தட்டில் விழுந்தது. அந்த அரை மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் உள்ளவர்கள் பார்த்திருந்தால் வாரம் ஒரு பல்லைப் பிடுங்கச் சொல்லியிருப்பார்கள்.

"பஞ்சை நல்லா கடிச்சுக்கங்க சார், முடிஞ்சது" என்றார் டாக்டர்.

"தேந்த்து தாத்தர்" என்றார் களஞ்சியம். சொன்னவரே திடுக்கிட்டார். கண்ணாடியைப் பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் தொங்கியது. "ஆத்தின் லாதா" என்று சொல்லிப் பார்த்தார். ராஜாவுக்கு மீசை மட்டுமல்ல, ராஜ்யமும் போயிருந்தது.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன். ஊசி போட்டா நாக்குல பாதி மரத்துடும், பேச்சு குழறும். எப்படியும் மூணு நாலு மணி நேரம் ஆகும். நீங்கதான் என்னை முடிக்க விடலையே."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். களஞ்சியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருட உழைப்பு. டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

நர்ஸ் மாத்திரைச் சீட்டை அவர் கையில் கொடுத்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். கொக்கியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க சார், சேர்ந்தே போயிடலாம். எனக்கும் ஆறு மணிக்கு அங்கதான்."

வேடிக்கை பார்க்கவா என்பதுபோல் களஞ்சியம் புருவத்தைத் தூக்கினார்.

"வேடிக்கை பாக்க இல்ல சார், வெள்ளெலி நான்தான்" என்றபடி நர்ஸ் கதவைத் திறந்து பிடித்தார். "நீங்க சிரமப்படாம பஞ்சைக் கடிச்சுக்கிட்டு உட்காருங்க, பேச வேண்டியதை எல்லாம் நான் பேசிக்கிறேன்."