மேற்குச் சுவரின் நிழல்

படத்தில் அவள் வீடு இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்து மனையில் குணசீலன் கட்டப்போகும் வீடு இருந்தது. மொட்டை மாடியில் சோலார் தகடுகள் இருந்தன. வாசலில் கார்கூட நின்றது. அந்த வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி அவளுடைய புங்க மரம், அவன் மனைப் பக்கமாகச் சாய்ந்தபடி, அச்சு அசலாக இருந்தது.

மரத்துக்கு இந்தப் பக்கம், அவள் வீடு இருக்கவேண்டிய இடத்தில், புல்தரை.

மரத்தை வைத்துக்கொண்டு ஆளைத் துடைத்திருக்கிறான்.

"அது சும்மா கம்ப்யூட்டர் படந்தானுங்கக்கா," என்றான் குணசீலன்.

அக்கா.

போன வருஷம் வரைக்கும் 'அந்தம்மா'. மனையில் இலை விழுகிறது, வேர் வருகிறது என்று நகராட்சிக்கு மனுப் போட்டபோது 'அந்தப் பொம்பளை'. காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடி என்பார்கள். பிடிக்கட்டும்.

மூவரும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள், வீட்டுக்கு நட்சத்திரம் போட வந்த பெண். ஃபிரிட்ஜில் ஒட்டுவதைப் போல வீட்டுக்கும் உண்டாம். கரண்ட் செலவு குறையக் குறைய நட்சத்திரம் கூடும். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். மேற்கு வெயிலை இந்த மரம் தடுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மரம் நின்றால் ஐந்து நட்சத்திரம். போய்விட்டால் மூன்று. மரம் உங்களுடையது, ஆகவே வெட்ட மாட்டேன் என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவளுடைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு யாரும் நட்சத்திரம் போட வந்ததில்லை. சித்திரை மதியத்தில் அதற்குள் மனுஷி இருக்க முடிந்தது இந்த மரத்தால்தான்.

போன தை மாதத்தில் ஒரு காலை, அவன் மனைப் பக்கத்து அடிமரத்தில் ஒரு துளையைப் பார்த்தாள். விரல் நுழையும் அளவு. களிமண்ணால் அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் நோண்டினாள்.

பெருங்காயம்.

கோடாலி எடுத்தால் ஊர் கேட்கும். பெருங்காயம் வைத்தால் மரம் தானாகப் பட்டுப்போன மாதிரி இருக்கும். யாரையும் கை காட்ட முடியாது.

சுரண்டி எடுத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதும் பார்த்தாள். அடியில் இறங்கியது இறங்கியதுதான். கடைசியில் புதுக் களிமண்ணை வைத்து அவளே அடைத்தாள்.

பங்குனியில் மரம் துளிர்த்தது. பலிக்கவில்லையே என்று குணசீலன் அப்போது வயிறு எரிந்திருப்பான். நட்சத்திரக் கணக்கு வந்த பிறகு, நல்லவேளை என்று சாமி கும்பிட்டிருப்பான்.

அவன் நிமிர்ந்து பார்க்கிற ஜாதி இல்லை. உச்சிக் கிளைகள் ஆனியிலேயே மொட்டையாகிவிட்டன. பட்டை உரியத் தொடங்கிவிட்டது. அடுத்த சித்திரையை இந்த மரம் பார்க்காது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலை, இவர்கள் வருவதற்கு முன்னால், துளையின் அடைப்பை எடுத்துவிட்டாள்.

பேனாவை வாங்கினாள். 'என் மரத்தை நான் வெட்ட மாட்டேன்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே தன் கையால் இன்னொரு வரி சேர்த்தாள்.

'எந்தக் காலத்திலும் யாரையும் வெட்ட விடவும் மாட்டேன்.'

கையெழுத்துப் போட்டாள்.

"உங்க மனசு யாருக்குங்கக்கா வரும்," என்றான் குணசீலன். பல்லெல்லாம் தெரிந்தது.

அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, அடிமரத்தை ஒரு போட்டோ எடுத்தாள். எடுத்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு வீட்ல சாம்பாருங்க? பெருங்காயம் ஆளைத் தூக்குது."

பக்கத்து மனையில் வெறும் அஸ்திவாரம்தான் இருந்தது.

"எங்க வீட்ல இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கலீங்க, அம்மணி," என்றாள் அவள்.

சொன்னது அந்தப் பெண்ணிடம். பார்த்தது குணசீலனை.

அவன் அடிமரத்தைப் பார்த்தான். துளையைப் பார்த்தான். பிறகு, மனை வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, நிமிர்ந்தான். இலையில்லாத கிளைகள் அவன் அஸ்திவாரத்துக்கு நேர் மேலே நீண்டு கிடந்தன. பெரிய கிளைகள். காய்ந்தால் இன்ன நாள் விழும் என்று யாரும் சொல்ல முடியாத கிளைகள்.

"அக்கா... அந்தப் பேப்பர..."

"குடுத்தது குடுத்ததுதான் தம்பி."

அந்தப் பெண் தாளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் நாற்காலியை மரத்தடிக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டாள். மேலேயிருந்து வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கி மடியில் விழுந்தது. போன வருஷம் இந்த இடத்தில் ஒரு பொட்டு வெயில்கூடக் கிடையாது.

நிழல் இருக்கிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.