கடலைப் பற்றிப் பேசுகிறவர்

டயாலிசிஸ் வார்டில் நடுக்கட்டில் எனக்கு. ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும் என்பதால், எந்த பாட்காஸ்ட் உசத்தி என்ற சண்டையில்தான் எங்கள் காலை கழியும். வலப்பக்கம் தில்லைநாயகத்துக்கு அரசியல் அரட்டை. இடப்பக்கம் ஜெபராணி அக்காவுக்கு, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் கடலைப் பற்றியே பேசும் ஒருவர்.

“பாதிப் பேச்சுல நிறுத்திடுறாரும்மா அந்த ஆளு. எடிட் பண்ணத் தெரியாதவங்கல்லாம் பேச வந்துட்டாங்க,” என்றார் தில்லைநாயகம்.

“இன்னைக்குப் புதுசு வந்திருக்கு சார். கேட்டுட்டுத் திட்டுங்க,” என்று அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

ஆழத்துக்கு இறங்கும் நீலத்திமிங்கிலத்தின் இதயம் நிமிடத்துக்கு இரண்டே முறை துடிக்கும் என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். வழக்கமாக அங்கே வெறும் மௌனம்தான் இருக்கும். இன்று அலாரம் அடித்தது. மூவரும் ஒரே நேரத்தில் “சிஸ்டர்!” என்று கத்தினோம்.

சிஸ்டர் ஓடிவந்து மூன்று மிஷின்களையும் பார்த்தார். “எதுவும் அடிக்கலையே. எல்லாத்துலயும் பச்சைதான எரியுது?”

எங்கள் மிஷின்களின் அதே அலாரம் ஃபோனுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே யாரோ செருப்புச் சத்தத்தோடு நெருங்கி வந்து அதை நிறுத்தினார்கள். பேசுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திமிங்கிலம் இன்னும் கீழே போகிறது என்றார். நான் ஊசி குத்திய என் கையைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் அவர் மறுபடியும் நிறுத்தினார். இந்த முறை மௌனம் நீண்டது.

“பேசாதீங்க, வருவாரு,” என்றார் தில்லைநாயகம்.