நாலு விநாடி

மூன்றாவது வருடமாக அந்த ஆள் திரையைப் பார்க்கவில்லை, டோரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கொலையுண்டவனின் பிணத்தை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தொப்பியைக் கவிழ்த்திருக்கிறார்கள். அது தெரியாமல் டிக்கெட் பரிசோதகர் அதனிடம் மூச்சுமுட்டச் சண்டை பிடிக்கிறார். அறுபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளை ரயில் படம். ஸ்கிப்டன் ஊரில் நவம்பர் முதல் சனிக்கிழமை, பகல் காட்சியாக, வருடம் தவறாமல் போடுவார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள், ஒரே இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

கொலைகாரன் ரயிலேறும்போது பிளாட்பாரத்துப் பெஞ்சில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நாலு விநாடி தெரிவாள். அது பதினெட்டு வயது டோரீன். அந்த இடம் வந்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். கொட்டகை நடத்தும் பெர்சி, நம்ம பக்கத்து நட்சத்திரம் என்று அவளை எழுந்து நிற்கச் சொல்வார். குழந்தை யாருடையது என்று கேட்டால், கையில் கொடுத்தார்கள், வைத்துக்கொண்டேன் என்பாள். எஞ்சின் ஊதல் காதைக் கிழிக்கும். குழந்தை அழாது, அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

இந்த வருடம் டிக்கெட் கொடுத்த பெண் டோரீனிடம் மெல்ல ஒன்று சொன்னாள். யாரோ ஒருவர் வந்து உங்கள் முழுப் பெயரைக் கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார், தனியாகத்தான் இருக்கிறார்களா என்றும் கேட்டார். தான் எதுவும் சொல்லவில்லை என்றாள். ஆனால் அது சொல்லிவிட்ட முகமாக இருந்தது.

படம் விட்டதும் டோரீன் ஸ்டேஷனுக்கு விரைந்தாள். நாலு மணிக்கே வெளிச்சம் செத்துப்போய் மழை தூறிக்கொண்டிருந்தது. தன் ஊரான கிர்க்பி ஸ்டீவனுக்குப் போகும் வண்டியில் ஏறி, கதவு மூடும் நேரத்தில் நிமிர்ந்தாள். பெட்டியின் மறுகோடியில் அந்த ஆள்.

கார்டு ஜாக்கி பல வருடப் பழக்கம். டிக்கெட் பார்க்க வந்தவளின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் டோரீன்.

"கடைசி சீட்ல இருக்காரே, அவர் எங்க இறங்குறார்?"

"நீங்க இறங்குற எடத்துலதான். என்ன டோரீன், எம்பத்தாறு வயசுல ஒரு ஆள் பின்னாலயே சுத்துறார்னா சந்தோஷப்படாம..."

"மூணு வருஷமா பாக்குறேன். தமாஷ் இல்ல இது."

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் தனக்கும்தான் எல்லார் மூஞ்சியும் கொலைகார மூஞ்சியாகத் தெரியும் என்று சொல்லி, ஜாக்கி முன்பெட்டிக்குப் போய்விட்டாள்.

செட்டில் ஸ்டேஷனில் பாதிப் பேர் இறங்கினார்கள். ஹார்ட்டனில் மீதிப் பேர். ரிபிள்ஹெட் தாண்டியபோது பெட்டியில் இரண்டே பேர். கிர்க்பி ஸ்டீவன் ஸ்டேஷனிலிருந்து ஊர் ஒன்றரை மைல்; நடுவில் ஒரு வீடு கிடையாது. பக்கத்து ஊரில் பேச்சுக் கொடுத்தே ஒருத்தியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப் பற்றி போன வாரம்தான் பேப்பரில் படித்திருந்தாள்.

வண்டி பிளே மூர் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் கறுத்து முகம் பார்க்கும் கண்ணாடி ஆயிற்று. அந்தக் கண்ணாடியில், அவர் எழுந்து, இருக்கை முதுகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு தன்னை நோக்கி வருவதை டோரீன் பார்த்தாள். கத்தினாலும் சுரங்கத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. குடையை இறுகப் பிடித்தாள்.

அவர் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்த்தால் எழுபதை நெருங்கியவர்.

"பயப்படாதீங்க மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தெரியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா அதோட போச்சேன்னு, ரெண்டு வருஷமும் கேக்காமலே திரும்பிட்டேன்."

பெயர் கீத் என்றார். பிராட்ஃபோர்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வளர்த்த தாய் சாகும்போதுதான் அவரிடம் உண்மையைச் சொன்னாளாம். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்களுக்காக சர்ச்சுக்காரர்கள் நடத்திய விடுதி ஒன்றிலிருந்து அவரைத் தத்தெடுத்தார்கள். இந்தப் பிள்ளை ஒரு ரயில் படத்தில் வந்திருக்கிறது என்று அங்கிருந்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் கையில் கொடுத்தாராம். பிறப்புப் பதிவில் தாயின் பெயர் இருந்தது. விசாரித்ததில் அது பொய்ப் பெயர்.

"அந்தக் குழந்தை நான்தான். ஷூட்டிங்குக்கு ஒரு நாள் இரவல் வாங்கியிருப்பாங்க. என்னை உங்க கையில குடுத்த பொண்ண நீங்க பாத்திருப்பீங்க, அதான் எங்கம்மாவா இருக்கும். முடி என்ன நிறம், அழுதாளா, சிரிச்சாளா... எதாச்சும் ஞாபகம் இருக்கா?"

டோரீனின் குடை சரிந்து கீழே விழுந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. அவருடைய நெற்றியை, காதை, கன்னத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னார். இத்தனை வருடத்துக்கு அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு மேடம். நாலு விநாடின்னாலும் என்ன அருமையா நடிச்சிருக்கீங்க."

அவர் எழுந்துவிட்டார். டோரீன் கையுறையைக் கழற்றினாள். அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் நடிக்கவே இல்லப்பா."